பிலிமின் ஓரத்தில் ஒரு பட்டை

"ஊட்லயே கழுவப் போறியா? வேணாம்மா. பட்டை பட்டையா வரும்" என்று பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோக்காரர் என்னிடம் சொன்னார்.

கறுப்பு வெள்ளை பிலிம் கழுவித் தருவீர்களா என்று கேட்கத்தான் அவர் கடைக்குப் போயிருந்தேன். இங்கே கழுவுவதில்லை, சென்னைக்கு அனுப்பினால் வர நாளாகும் என்றார். அப்படியானால் நானே கழுவிக்கொள்கிறேன் என்றதற்குத்தான் அந்தப் பதில். பாஸ்போர்ட் போட்டோவுக்காக இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று, "நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார். லேப்லதான் வேலை செய்றேன்" என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அதனாலதான் சொல்றேன்" என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயின்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் தரச் சோதனை லேபில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ஒரு டிரம் பெயின்ட் வெளியே போகலாமா கூடாதா என்று எழுதும் பேனா என் கையில் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு நிமிடம் பிலிமைக் கழுவ எனக்கு வராது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? கவரைப்பேட்டை தாண்டும்வரை ரயிலில் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்போது என் பையில் இரண்டு பிலிம் ரோல்கள் இருந்தன. இரண்டிலும் அம்மாவோடு வேலை செய்த பெண்கள்.

அம்மா பதினாறு வருடம் ஒரு பிளேட்டிங் ஷெட்டில் வேலை பார்த்தாள். வண்டிகளுக்குப் போகும் சின்னச் சின்ன இரும்புக் கிளாம்புகளுக்குத் துத்தநாக முலாம் பூசும் இடம். கொக்கிகள் வைத்த கம்பிச் சட்டம் ஒன்று இருக்கும், அதை ஜிக் என்பார்கள். கிளாம்புகளை அதில் வரிசையாக மாட்டி, ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு மாற்றி மாற்றி முக்கி எடுப்பார்கள். ஆசிட், தண்ணீர், முலாம், மறுபடி தண்ணீர், கடைசியாக மஞ்சள் தொட்டி. அதில் முக்கினால்தான் முலாமின் மேல் பொன்னிறம் ஏறும். அம்மாவையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். இந்த வருடம் அந்த வேலையெல்லாம் வேறு ஊரில் மெஷினுக்குப் போய்விட்டது. தொட்டிகளைப் பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்த வாரத்தில், பதினோரு பேரையும் அவரவர் தொட்டிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். நான் சொன்னேன் என்பதைவிட, அம்மா சொல்லிவிட்டாள் என்பதுதான் சரி. "எம் பொண்ணு எடுத்துக் குடுப்பா. லேப்ல கீறா, அவளுக்கு எல்லாம் தெரியும்" என்று மதியச் சாப்பாட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து எனக்குத் தகவல் சொன்னாள்.

ஷெட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். என்னிடம் இருந்தது கல்லூரித் தோழி ஒருத்தியிடமிருந்து வாங்கிய, பேட்டரியே இல்லாத பழைய கேமரா. சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செல்போன்தான உள்ள போவக் கூடாது. இது செல்போனா? இல்ல. போங்க, ஒரு மணி நேரம்தான்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு ரோல் முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தன்னைத் தனியாக யாருமே படம் எடுத்ததில்லை என்றார் ஒரு அக்கா. இன்னொருவர் பூட்ஸ், கையுறை, ஏப்ரன் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். "எங்க ஊட்டுக்காரரு நான் கம்பெனியில பெருக்கிக்கினு கீறேன்னு நெனைக்கிறாரு பாப்பா. ஆசிட் தொட்டியும் சேத்து எடு" என்றார். முதல் ரோலில் ஆறு பேர், இரண்டாவதில் ஐந்து பேர். அம்மா கடைசியாகத்தான் நின்றாள். அதுவும் மற்றவர்கள் தள்ளிவிட்டதால். அடுத்த வாரம் தொட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கவரைப்பேட்டையில் ஒருவர், பொன்னேரியை அடுத்த ஆரணி பக்கம் இருவர், சிலர் தடாவுக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில்.

அதாவது, அந்த ஷெட்டில் அவர்கள் நின்றதற்கு இந்த இரண்டு ரோலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

முதல் ரோலை ஒரு ஞாயிறு காலையில் கழுவினேன். கறுப்பு லைனிங் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்த பைக்குள் கையை விட்டு, தடவிப் பார்த்தே பிலிமை ரீலில் சுற்றி, ரீலை டேங்க் எனப்படும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடினேன். மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது. மூடியின் நடுவில் உள்ள புனல் வழியாக மருந்தை ஊற்றினால் போதும். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் கைக்குச் சூடாகவே வரும். வெப்பமானியில் பார்த்தேன், முப்பது டிகிரிக்கு மேல். டெவலப்பர் என்னும் அந்த மருந்தோடு வந்த தாளில் இருபது டிகிரிக்கும் அதற்குச் சற்று மேலேயும்தான் நேரம் போட்டிருந்தார்கள். சூடு கூடினால் வினை வேகம் கூடும், நேரம் குறையும். இது எனக்குத் தெரியாதா? அவர்கள் கொடுத்த எண்களை வைத்து வரைபடம் போட்டு, கோட்டை நீட்டி, மூன்றரை நிமிடம் என்று கண்டுபிடித்தேன். அந்த வரைபடத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

கழுவி முடித்துப் பிலிமை வெளியே எடுத்தபோது முதலில் சந்தோஷம்தான். ஈரம் சொட்டச் சொட்ட அதில் ஆட்கள் இருந்தார்கள். வெள்ளையெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெள்ளையாக. காய்ந்தபின் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் எடுத்து, நிறத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் மேலே மூன்றில் ஒரு பங்கு வெளுத்திருந்தது. பின்சுவர் வெளுத்திருந்தால் விட்டிருப்பேன். ஆட்களைக் கிட்டத்தில் நிறுத்தி எடுத்திருந்தேன். நெற்றியிலிருந்து கண் வரைக்கும் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு பட்டை, கீழே போகப் போகக் கரைந்து, வாய்க்குப் பக்கத்தில்தான் சரியாகியிருந்தது. ஆறு பேருக்கும் அப்படியே. ஏப்ரன் போட்டுக்கொண்டு நின்ற அக்காவின் கையுறை துல்லியமாக வந்திருந்தது. அவர் கண்கள் இல்லை.

இரண்டாவது ரோலை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். காரணம் தெரியாமல் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். உள்ளே இருப்பது ஐந்து முகங்கள். அதில் ஒன்று அம்மாவுடையது.

அம்மாவுக்குத் தினமும் போன் வந்துகொண்டிருந்தது. "அக்கா, போட்டோ இன்னாச்சு?" அம்மா என்னைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். "கழுவிக்கினு கீதுடி" என்று சொல்லிவிடுவாள்.

லேபில் ஒரு டிரம் பெயின்ட் கெட்டுப்போனால் யார்மேல் கோபப்படுவது என்று யோசிக்க மாட்டோம். எங்கே கெட்டது என்றுதான் பார்ப்போம். ஒருநாள் வருத்தப்பட்டு முடித்ததும் எனக்கும் அந்தப் புத்திதான் வந்தது. உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்குச் சுவாரசியமாகவே போனது.

முதல் சந்தேகம் கேமரா மேல். பழையது, எங்காவது ஓட்டை வழியாக வெளிச்சம் கசிந்திருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பிலிமின் ஓரங்களைப் பார்த்தேன். படத்துக்கு வெளியே, துளைகள் இருக்கும் ஓரம் இரண்டு பக்கமும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வெளிச்சம் கசிந்திருந்தால் அந்த ஓரமும் கறுத்திருக்க வேண்டும். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பிலிமின் இரண்டு ஓரத்திலும் சின்னதாக எண்களும் எழுத்துகளும் இருக்கும். அவற்றைப் பதித்தது என் கேமரா இல்லை, பிலிம் செய்த ஆலை. என் ரோலில் ஒரு ஓரத்து எண்கள் நல்ல கறுப்பு. எதிர் ஓரத்தில் இருந்தவை சாம்பல். கேமரா தொடாத எழுத்திலேயே வித்தியாசம் என்றால் கோளாறு கேமராவில் இல்லை. கழுவும் டேங்கில்தான். ஒரு ஓரம் அதிகம் வெந்திருக்கிறது, மறு ஓரம் குறைவாக. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அவ்வளவு சின்ன எழுத்து அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டதே என்று இருந்தது.

சோதிக்க ஒரு புதிய ரோல் வாங்கினேன். சோதனைக்கு ஒரே நிறமாக, மேடு பள்ளம் இல்லாத ஏதாவது வேண்டும். எங்கள் தெரு முனையில் குடோன் ஒன்றின் நீளமான வெள்ளைச் சுவர் இருக்கிறது. மேகம் மூடிய ஒரு காலையில் அதன் முன்னால் நின்று முப்பத்தாறு தடவையும் அதையே எடுத்தேன். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டேவிட்டார்.

"இன்னா பாப்பா, செவுத்துல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"ஒண்ணும் இல்லாததையா இத்தினி தபா எடுக்கற?"

"ஒண்ணும் இல்லன்னாத்தான் வேணும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிச்சாலே பேஜாருதான்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார்.

அந்த ரோலை இருட்டுப் பைக்குள் துண்டு துண்டாக வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு துண்டு என்று கழுவினேன். ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தைத்தான் மாற்றுவேன். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். முதலில் மருந்தின் அளவு. பிலிம் இல்லாத ரீலை வெறும் டேங்கில் வைத்து, அதே அளவு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ரீல் முழுக்க மூழ்கித்தான் இருந்தது. குலுக்கினால் ரீல் மேலே ஏறுகிறதா என்றும் பார்த்தேன். ஏறவில்லை. பிறகு தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீரில் குழாயின் வாயிலேயே உப்புப் பூத்திருக்கும். லேபில் கொண்டுபோய்ச் சோதித்தால் அதன் கடினத்தன்மை எக்கச்சக்கமாக இருந்தது. கேன் தண்ணீரில் மருந்தைக் கலந்து ஒரு துண்டு கழுவினேன். பட்டை அங்கேயே இருந்தது. அடுத்தது குலுக்கல். அதுவரை டேங்கின் நடுவில் உள்ள குச்சியைத் திருகிக் கலக்கிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு டேங்கையே தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தேன். பட்டையின் விளிம்பு கொஞ்சம் மங்கினாற்போல இருந்தது. ஆனால் போகவில்லை.

வெள்ளைச் சுவரின் படங்கள் வரிசையாகக் கொடியில் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சாம்பல். அம்மா துணி எடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டுப் போனாள். "ஒண்ணொண்ணா மாத்திக்கினு இருந்தன்னா பொங்கல் வந்துடும்" என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னாள்.

மூன்றாவது துண்டைக் கழுவ உட்கார்ந்தபோது அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மருந்தை ஊற்ற ஆரம்பித்தேன். லேபில் கற்றது எப்படியோ அப்படியே. கண்ணாடிக் குச்சியைப் புனலில் சாய்த்து, குவளையின் மூக்கை அதில் ஒட்டி, திரவம் குச்சியோடு வழிந்து இறங்கும்படி. தெறிக்காது, குமிழி வராது. முதல் வருட வகுப்பில் இதற்காகவே என் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்கள்.

அம்மா கீரையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, கொழந்தைக்குச் சங்குல பால் ஊத்தற மாதிரி ஊத்திக்கினு கீற?"

"அப்படித்தான் ஊத்தணும்."

"எத்தினி நேரம் முக்கி வைக்கணும்?"

"மூணரை நிமிஷம்."

"மூணரை நிமிஷத்துல முக்கா நிமிஷம் ஊத்தியே ஓட்டிடுவ போலக் கீது. மஞ்சத் தொட்டில நீ இப்பிடி எறக்கியிருந்தன்னா சூப்பர்வைசரு ஜிக்கோட தூக்கி வெளிய போட்ருப்பாரு."

"ஏன்?"

"ஏன்னா? மொதல்ல எறங்குனது மஞ்சளா வரும், கடைசில எறங்குனது வெளுப்பா வரும். பட்டை வுழும். தெரியாதா?"

எனக்குத் தெரியாது. என் கையில் பாதி காலியான குவளை. மருந்து புனல் வழியாக டேங்கின் நடுக்குழாயில் இறங்கி, முதலில் அடியை நனைத்து, பிறகு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ரீலில் பிலிம் படுத்திருக்காது, நின்றிருக்கும். அதன் ஒரு ஓரம் அடியில், மறு ஓரம் மேலே. அடி ஓரம் மருந்தில் வேக ஆரம்பித்து நாற்பது விநாடி கழித்துத்தான் மேல் ஓரத்துக்கு மருந்தே போய்ச் சேருகிறது. இருநூற்றுப் பத்து விநாடியில் நாற்பது என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

ஊற்றிய வேகத்தை நான் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், கேமராவைச் சந்தேகப்பட்டேன், எங்கள் ஊர் போர்வெல்லைக்கூடத் திட்டினேன். நான் மிகச் சரியாகச் செய்வதாக நினைத்த ஒன்றை மட்டும் பட்டியலில் எழுதவே இல்லை.

"மஞ்சத் தொட்டில எத்தினி நேரம் வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"பதினஞ்சு எண்ணுவோம்."

"எப்படி எறக்குவீங்க?"

அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சட்டத்தைப் பிடித்து, ஒரே வீச்சில் இடுப்புக்குக் கீழே இறக்கினாள். இறக்கியதும் மேலும் கீழுமாக இரண்டு அசைப்பு. "காத்து ஒட்டிக்கினு இருந்தா அங்கங்க புள்ளி வுழும், அதுக்குத்தான் இது" என்றாள். பிறகு ஒரே இழுப்பில் மேலே எடுத்து, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். அங்கே இருந்தது தண்ணீர்த் தொட்டி இல்லை, எங்கள் அரிசி டிரம்தான். பதினாறு வருடம் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்த கை. நான் அவளை ஷெட்டில் படம் எடுத்தபோது அசையாமல் நில்லு என்று சொல்லியிருந்தேன்.

அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். சோதித்தேன். அடுத்த துண்டுக்கு மற்ற எல்லாம் பழையபடியே வைத்து, ஊற்றுவதை மட்டும் மாற்றினேன். புனலில் ஒரே கொட்டாகக் கொட்டினேன். பட்டை பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த துண்டில் ஊற்றவே இல்லை. டேங்கில் மருந்தை முதலிலேயே நிரப்பி வைத்துக்கொண்டு, ராத்திரி குளியலறை இருட்டில், ரீலை ஒரு கம்பியில் கோத்துப் பிடித்து ஒரே வீச்சில் உள்ளே இறக்கி, இரண்டு அசைப்பு அசைத்து மூடினேன். கொடியில் மாட்டியபோது, இருக்கிறதா இல்லையா என்று தேடினால்தான் தெரியும் அளவுக்கு லேசான நிழல் மிஞ்சியிருந்தது.

அந்த மிச்ச நிழலுக்குக் காரணம் மறுபடி டெவலப்பரோடு வந்த அந்தத் தாளில் கிடைத்தது. மிகச் சின்ன எழுத்தில், நேரம் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் சீராக வராமல் போகலாம் என்று போட்டிருந்தார்கள். முதல் நாளே படித்திருந்தேன். எங்கள் ஊர் வெயில் அவர்களுக்கு எங்கே தெரியும் என்று தாண்டிப் போயிருந்தேன். இங்கேதான் என் படிப்பு எனக்குத் துணை வந்தது, இதையும் சொல்ல வேண்டும். பட்டை எப்படி விழும் என்று அம்மாவுக்குத் தெரியும். மருந்தின் வேகத்தையே குறைத்துவிட்டால் விநாடிகளின் பாரம் குறையும் என்பது எனக்குத் தெரியும். டெவலப்பரில் இன்னொரு மடங்கு தண்ணீர் சேர்த்து வீரியத்தைப் பாதியாக்கினேன். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி, அதை வாளியில் போட்டு, அதற்குள் மருந்துக் குவளையை வைத்து இருபத்து நான்குக்குக் கொண்டுவந்தேன். இப்போது நேரம் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு விநாடி முன்னே பின்னே ஆனால் யாருக்கும் தெரியாது. சுவரின் கடைசித் துண்டு இந்த முறையில் சுவர் போலவே வந்தது. ஓரத்து எண்கள் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு.

அம்மாவிடம் காட்டினேன். "இப்ப பட்டை இல்ல பாரு."

"இல்லதான். ஆனா வெறும் செவுருதான கீது" என்றாள்.

ஃபிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்தது அடுத்த ஞாயிறு மதியம். ரீலோடு டேங்குக்குள் கையை விட்டு இறக்க வேண்டும் என்பதால் இருட்டுப் பை போதாது. மறுபடி குளியலறைதான், அதுவும் பகலில். ஜன்னலுக்கு அட்டை ஒட்டி, கதவுக்கு உள்பக்கம் கம்பளியை ஆணியடித்தேன். ஆனால் எங்கள் குளியலறை சுவிட்ச் வெளியே இருக்கிறது. யாராவது பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ஐந்து பேரும் போய்விடுவார்கள். அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, சுவிட்சுக்கு நேராக முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. பிலிம் ரீலில் ஏற மாட்டேன் என்றது, வியர்வையில் விரல் ஒட்டியது. ஒருமுறை முழுக்கக் கழற்றி மறுபடி சுற்றினேன். வெளியே பக்கத்து வீட்டுப் பெண் வந்து பேசுவது கேட்டது.

"இன்னாக்கா, இங்க குந்திக்கினு கீற?"

"உள்ள எம் பொண்ணு கீறா."

"ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல. போட்டோ கழுவறா."

"லைட்டு போடாமயா?"

"சுவிட்சுல கைய வச்ச, ஒடச்சிப்புடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரீலைக் கம்பியில் கோத்து, டேங்கின் வாயை இடது கையால் தடவி வைத்துக்கொண்டு, ஒரே வீச்சில் இறக்கினேன். இரண்டு அசைப்பு. மூடி. "லைட்டு போடும்மா" என்று கத்தினேன்.

பன்னிரண்டு நிமிடம் ஆனது. பிறகு தண்ணீர், பிறகு படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், பிறகு வாளி வாளியாகத் தண்ணீர். பிலிமை விரித்தபோது நான் முதலில் முகங்களைப் பார்க்கவில்லை. ஓரத்து எண்களைத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. அதற்குப் பிறகுதான் முகங்கள். ஐந்து பேருக்கும் கண் இருந்தது, நெற்றி இருந்தது. இரண்டு படங்களில் மட்டும் ஊசிமுனை அளவு புள்ளி, எங்கோ ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. இன்னொரு அசைப்பு அசைத்திருக்கலாம்.

அம்மா தன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இன்னாடி, மூஞ்சி கரி மாதிரி கீது, முடி பஞ்சு மாதிரி கீது." போனில் நிறத்தைத் திருப்பிக் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். "தொட்டி நல்லா வந்துக்கீது" என்றாள்.

அன்று சாயங்காலம் தடா பக்கத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். அவர் இரண்டாவது ரோலில் இருப்பவர். "ரெடி" என்று அம்மா சொன்ன குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். வைத்ததும் என்னைப் பார்த்தாள். "மீதி ஆறு பேருக்கு இன்னா சொல்லப் போற?"

"நீயே சொல்லேன்."

"நானா ஊத்தனேன்?"

கெட்ட டிரம்மில் நல்லது என்று எழுத என் கையால் முடியாது. பட்டையைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று யோசித்துப் பார்த்ததும் உண்மை. கொஞ்சம் முயன்றும் பார்த்தேன். கண்ணிருந்த இடத்தில் வேறு யாருடையதோ கண் வந்தது போல இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த வார விடுமுறையில், புதிய ரோல் போட்ட கேமராவையும் கெட்டுப்போன பிலிமையும் எடுத்துக்கொண்டு கவரைப்பேட்டைக்கு ரயில் ஏறினேன். ஏப்ரனும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நின்ற அக்காவின் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஷிப்ட் முடிந்து வந்து தலைக்குக் குளித்து, முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். மருந்தை மெதுவாக ஊற்றிவிட்டேன், அதனால் பட்டை விழுந்துவிட்டது என்றேன். பிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தன் நெற்றியைத் தானே உற்றுப் பார்த்தார்.

"அட, மஞ்சத் தொட்டி பட்டை மாதிரியே கீதே. நான் வேலைக்குச் சேந்த புதுசுல முக்குனதெல்லாம் இப்பிடித்தான் ரிஜெக்ட் ஆச்சு" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது போலத் தெரிந்தது. "ரிஜெக்டானா ஆசிட்ல போட்டு உரிச்சிட்டு மறுபடி முக்குவோம். இத அப்பிடி மறுபடி முக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"தொட்டியும் போச்சு."

"ஆமாக்கா."

பிலிமைத் திருப்பிக் கொடுத்தார். துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டார். "இப்ப செய்யற கம்பெனியில கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை கீது. அங்க நின்னா யூனிபார்மோட எடுக்கலாம், உள்ள மெஷினும் கொஞ்சம் தெரியும். ஒரு அஞ்சு நிமிஷம் இரு, போட்டுக்கினு வரேன்" என்றார். போகும்போது திரும்பி, "இந்தத் தபா கொட்டுவ இல்ல? ஊத்த மாட்டியே?" என்று கேட்டார்.

"ஊத்தவே மாட்டேன்க்கா. முக்கத்தான் போறேன்."

டீக்கடைக்கு முன்னால் நான்கு படம் எடுத்தேன். மூன்றாவதில் அவர் சிரித்துவிட்டார். கேட்டுக்கு உள்ளே பச்சை நிறத்தில் ஏதோ ஒரு மெஷின் தெரிந்தது. அது என்ன மெஷின் என்று அவர் எனக்கு விளக்கிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பிறகு மற்ற ஐந்து பேரின் நம்பரையும் அவர் போனிலிருந்தே வாங்கி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவந்து, அவர்களில் ஆரணி பக்கத்து அக்கா ஒருவரைக் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார். நான் யார் என்று சொன்னேன்.

"இன்னா பாப்பா, போட்டோ ரெடியா?"

"இல்லக்கா. நான் கெடுத்துட்டேன். இப்ப எங்க வேலை செய்றீங்க, சொல்லுங்க. நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன்" என்றேன்.